நோய்க்கு எண் வந்த வரலாறு

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரிடம் ஒரு தாள் கொடுத்தனுப்புகிறார்கள். நோயாளியின் பெயர், வயது, சேர்ந்த நாள், செய்த சிகிச்சை, இனி உட்கொள்ள வேண்டிய மருந்து ஆகிய யாவும் அதில் இருக்கும். சில மருத்துவமனைகளின் தாளில், நோயின் பெயருக்கு அருகே ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு மூன்று எண்களும் காணப்படும். குடலிறக்கத்துக்காக அறுவை செய்துகொண்டவரின் தாளாயின், ‘கே 40.9’ என்றோ ‘கே 42.0’ என்றோ இருக்கக்கூடும். வீட்டார் மருந்தின் பெயரைப் பார்ப்பர், கட்டணத்தைப் பார்ப்பர், இவ்வெண்ணைப் பார்ப்பவர் அரியர். பார்த்தவரும் அது ஏதோ கட்டில் எண் போலும் என்று விட்டுவிடுவர். மாணவ நண்பர்களே, அந்தச் சிறிய எண்ணின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன். ஏறக்குறைய நானூறு ஆண்டுக் கதை அது. அதில் பிணம் பார்க்கும் கிழவியர் வருகின்றனர். துணி வணிகர் ஒருவர் வருகின்றார். ஓர் அரசியும் வருகின்றார்.

நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் வரலாறு கற்பித்தவன். ஆயினும் பதிவேடுகளோடு பழகியே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் என்று எழுதி எழுதி, ஒரு சொல்லை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒரு மனிதனின் வாழ்வில் எத்துணை வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஓரளவு அறிந்தவன். அந்த உரிமையிலேதான் இப்பொருளைத் தொடுகின்றேன்.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்வோம். நம் வயிற்றறையின் சுவர் தசையாலும் நார்ப்பொருளாலும் ஆனது. அது எங்கும் ஒரே உறுதியோடு அமையவில்லை. ஆண்களுக்குக் கருவிலேயே விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வந்த வழியொன்று கவட்டில் இருக்கின்றது. தொடைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் அருகே ஓர் இடைவெளி உண்டு. கொப்பூழ்க்கொடி புகுந்த இடம் ஒன்று. முன்னர் அறுவை செய்த தழும்பு இன்னொன்று. இருமலாலோ, சுமை தூக்குவதாலோ, கருவுறுவதாலோ உள்ளழுத்தம் மிகும்போது, இத்தகைய நலிந்த இடத்தின் வழியே குடலின் ஒரு மடிப்பு வெளியே பிதுங்கும். தோலுக்கடியில் ஒரு புடைப்புத் தோன்றும். படுத்தால் அது உள்ளே போய்விடும். எழுந்தால் மீண்டும் வரும். இந்நிலையில் பல ஆண்டுகள் வாழ்பவர் உண்டு. ஆனால் ஒரு நாள் அது உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொள்ளலாம். அப்போது உண்ட உணவு செல்ல வழியின்றிக் குடல் அடைபடும், வாந்தி வரும், வயிறு உப்பும். துவாரத்தின் விளிம்பு இறுக்கினால் அக்குடல் மடிப்புக்கு இரத்தம் போவதும் நின்றுவிடும். இரத்தம் பெறாத குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். பல ஆண்டுகள் பொறுத்திருந்த நோய், முற்றியபின் ஒரு பகலும் பொறுக்காது.

இதனை நாம் குடலிறக்கம் என்கிறோம். நல்ல பெயர்தான், ஆனால் முழுதும் பொருந்தாது. மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானத்தில் துவாரம் ஏற்பட்டு இரைப்பை மேலே மார்புக்குள் புகுவதும் இந்நோயின் வகைகளுள் ஒன்றே. ஏறியதையும் நாம் இறக்கம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்! நம் ஊர்ப்புறத்து முதியோர் ‘அண்டவாயு’ என்பார்கள். அச்சொல்லோ குடல் இறங்கிய வீக்கத்தையும், விதைப்பையில் வெறும் நீர் கோத்த வீக்கத்தையும் வேறுபாடின்றிக் குறித்தது. முன்னது ஒரே நாளில் உயிரை வாங்க வல்லது, பின்னது அத்தகையதன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கும் ஊரில், எத்தனை பேர் எதனால் இறந்தனர் என்று எவரால் கணக்கெடுக்க முடியும்? பெயரின் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதே சிக்கலை இலண்டன் மாநகரில் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் கொள்ளைநோய் அடிக்கடி தலைகாட்டிற்று. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இறந்தனர் என்பதை வாரந்தோறும் அச்சிட்டு வெளியிட்டனர். 1629ஆம் ஆண்டு முதல், இறந்ததற்குரிய காரணங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. காரணத்தைக் கண்டறிந்தவர்கள் யார்? மருத்துவர் அல்லர். வட்டாரந்தோறும் உறுதிமொழி வாங்கி அமர்த்தப்பெற்ற முதிய பெண்கள். சாவு மணி ஒலித்தவுடன் அவர்கள் அவ்வீட்டுக்குச் செல்வார்கள்; உடலைப் பார்ப்பார்கள்; வீட்டாரைக் கேட்பார்கள்; தமக்குத் தோன்றியதைக் கோயில் எழுத்தரிடம் சொல்வார்கள். அவர் எழுதிக்கொள்வார்.

1632ஆம் ஆண்டின் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கின்றது. அவ்வாண்டு அடக்கம் செய்யப்பெற்றோர் 9,535 பேர். காரணங்களைப் படித்துப் பாருங்கள்: முதுமையால் 628 பேர், பற்களால் 470 பேர், திடீரென இறந்தோர் 62 பேர், கிரகத்தால் 13 பேர், துயரத்தால் 11 பேர், அச்சத்தால் ஒருவர். இப்பெயர்களுக்கிடையே, ‘வெடிப்பும் பிதுக்கமும்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஒரு வரியும் உண்டு. அதற்கெதிரே உள்ள எண் 9. நம் குடலிறக்கம் எண்ணிக்கைக்குள் நுழைந்த முதல் வாயில்களுள் அது ஒன்று.

சிரிக்காதீர்கள். பற்களால் எப்படி 470 பேர் இறப்பர் என்று கேட்பீர்கள். அவர்கள் பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகள். எந்தப் பருவத்தில் இறந்தனவோ அதுவே காரணமாக எழுதப்பட்டது. நம் பள்ளிகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? என் பணிக்காலம் முழுவதும் மாணவர் எழுதிய விடுப்புக் கடிதங்களில் நான் கண்ட நோய்கள் இரண்டே: ஒன்று காய்ச்சல், மற்றொன்று வயிற்றுவலி. அக்கடிதங்களைக் கொண்டு எவரேனும் நம் மாவட்டத்தின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுந்தால் என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

1632ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்த 9 என்ற எண்ணை நான் நம்பவில்லை. காரணம், அதே பட்டியலில் வயிற்று முறுக்கு, கல்லடைப்பு, நீர்க்கடுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்த ஒரு வரியில் 56 பேர் இருக்கின்றனர். வாந்தியால் ஒருவர் இறந்திருக்கின்றார். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவே புடைத்து, உள்ளே குடலை நெரித்துக்கொண்டிருக்கும் இறக்கத்தை ஆடை மறைத்திருக்கும். வீட்டார் கண்டது வாந்தியும் வயிற்றுவலியும்தான். கிழவியிடம் அதைத்தான் சொல்லியிருப்பர். ஆகவே அந்த 56 பேரில் சிலரேனும் குடலிறக்கத்தால் இறந்தவராக இருத்தல் கூடும் என்பது என் ஊகம். ஜான் கிராண்ட் என்னும் இலண்டன் துணி வணிகர் இப்பட்டியல்களைப் பல ஆண்டுகளுக்குத் திரட்டி ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள்தொகைக் கணக்கியலின் தொடக்கம் அந்நூல் என்பர். மேகநோயால் இறந்தோர் தொகை மிகக் குறைவாகக் காணப்படுவதை அவர் கவனித்தார். பிணம் பார்க்க வந்த கிழவியருக்குச் சிறிது மதுவும் சில்லறைக் காசும் கொடுத்து வேறு பெயர் எழுதச் செய்துவிடுகின்றனர் என்ற ஐயத்தை அவர் வெளிப்படையாகவே எழுதினார். வெட்கத்துக்குரிய நோய்கள் பட்டியலில் ஏறுவதில்லை என்பதை அந்த வணிகர் அன்றே கண்டுகொண்டார்.

வெட்கம் ஏழையின் வீட்டில் மட்டும் குடியிருப்பதன்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின் பேரறிவுடைய பெண்மணி, அறிஞர்களோடு அளவளாவியவர், அம்மை குத்தும் முறை இங்கிலாந்தில் பரவத் துணை நின்றவர். 1724ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு லூயிசா என்ற பெண் குழந்தை பிறந்தது. அப்பேற்றின்போது அவர் தொப்புளில் குடலிறக்கம் ஏற்பட்டது. அதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. மன்னர் அறிவார். அவர் பலமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்லியும் அரசி இணங்கவில்லை. அரண்மனை மருத்துவர்களும் பணிப்பெண்களும் சூழ்ந்திருக்க, ஆண்டுக்கணக்கில் அந்தப் புடைப்பை மறைத்தே வாழ்ந்தார்.

1737 நவம்பர் 9ஆம் நாள், தாம் புதிதாகக் கட்டுவித்த நூலகத்தில் இருந்தபோது அவருக்கு வயிற்றுவலி கண்டது. வாந்தி எடுத்தது. ‘வயிற்று முறுக்கு’ என்றார் அரசி. மருத்துவர்களும் அப்பெயரையே ஏற்றனர். அப்பெயருக்குரிய சிகிச்சையும் தொடங்கிற்று: பேதிக்கு மருந்து கொடுத்தனர், வெறியச் சாராயம் கொடுத்தனர், இரத்தம் குத்தி வடித்தனர். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுத்தால் என்னவாகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. மூன்று நாள்கள் இவ்வாறு கழிந்தன. 12ஆம் நாள் மன்னர் பொறுக்கமாட்டாமல், அரசி தடுத்தும் கேளாமல், ரான்பி என்னும் அறுவை மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். ரான்பி தொட்டுப் பார்த்தார். நோயின் மெய்ப்பெயர் அப்போதுதான் அந்த அறைக்குள் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டது. அறுவை மருத்துவர் மேலும் இருவர் வந்தனர். கத்தி வைத்தனர். காலம் கடந்துவிட்டது. 17ஆம் நாள் குடல் வெடித்தது. 20ஆம் நாள் இரவு அரசி உயிர் நீத்தார். வயது 54. அவருடைய அணுக்க நண்பரான ஹார்வி பிரபு அந்நாள்களின் நிகழ்ச்சிகளைத் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாக எழுதி வைத்திருப்பதால் இவை நமக்குத் தெரிகின்றன.

இன்னும் ஒன்று கேளுங்கள். எந்தக் குழந்தையின் பிறப்பால் அந்நோய் வந்ததோ, அந்த லூயிசா வளர்ந்து டென்மார்க் நாட்டின் அரசியானார். 1751 டிசம்பரில், கருவுற்றிருந்த நிலையில், அதே தொப்புள் குடலிறக்கம் நெரிபட்டு, அறுவையும் பயன்படாமல், இருபத்தேழாம் வயதில் இறந்தார். தாயின் நோய் மறைக்கப்பட்டது; மகளோ தூர நாட்டில் இருந்தார்.

இந்தச் சாவுகளை அடுத்து வந்த தலைமுறையில் குடலிறக்கம் பற்றிய அறிவு பெருகிற்று. இலண்டனில் பெர்சிவல் பாட் 1756இல் இந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஆஸ்ட்லி கூப்பர் 1804இலும் 1807இலும் பெரிய படங்களோடு இரண்டு பகுதிகள் வெளியிட்டார். ஜெர்மனியில் ரிக்டர் என்பவர் ஒரு நுட்பத்தைக் கண்டார். சில வேளைகளில் குடலின் முழுச் சுற்றும் சிக்குவதில்லை. ஒரு பக்கச் சுவர் மட்டும் துவாரத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போது உணவு செல்லும் வழி திறந்தே இருக்கும், மலமும் கழியும். ‘அடைப்பு இல்லை, அஞ்ச வேண்டா’ என்று இருந்துவிடுவர். மாட்டிக்கொண்ட சுவரோ உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இதை நினைவில் வையுங்கள்: அடைப்பு வேறு, அழுகல் வேறு. பின்னர் எண் கொடுக்க வந்தவர்கள் இவ்விரண்டையும் ஏன் தனித்தனியே கேட்டனர் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அறிவு மருத்துவர் நூல்களில் இருந்தது; எண்ணிக்கை எழுத்தரின் ஏட்டில் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்தவர்களுள் தலையாயவர் வில்லியம் ஃபார். உழவுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1807இல் பிறந்து, பிறர் உதவியால் மருத்துவம் கற்றவர். இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837இல் அரசுப் பணியாயிற்று. 1839இல் ஃபார் அந்த அலுவலகத்தில் அமர்ந்தார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குவதையும், மூன்று நான்கு நோய்களுக்கு ஒரே பெயர் வழங்குவதையும் அவர் தம் முதல் அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினார். பௌதிக நூலுக்கு எடையும் அளவையும் எப்படியோ, நோய் ஆராய்ச்சிக்குப் பெயரும் அப்படியே என்பது அவர் கொள்கை. ஊருக்கொரு படியும் தெருவுக்கொரு மரக்காலும் இருந்தால் நெல் வாணிகம் நடக்குமா? நோய்க்கணக்கு மட்டும் அப்படி நடந்துகொண்டிருந்தது.

1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய புள்ளியியல் பேரவை, எல்லா நாடுகளுக்கும் பொதுவான பெயர்ப்பட்டியல் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தது. இதனை எடுத்து மொழிந்த கில்லார்ட் என்பவர் தாவரவியலும் புள்ளியியலும் வல்லவர். ஃபாரிடமும் ஜெனீவாவைச் சேர்ந்த தெஸ்பீன் என்பவரிடமும் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. இருவரும் இரண்டு பட்டியல்களோடு வந்தனர்! ஃபார் உடலில் நோய் தங்கும் இடத்தை முதன்மையாகக் கொண்டார். தெஸ்பீன் நோயின் தன்மையைக் கொண்டார். 1855இல் பாரிஸ் பேரவை இரண்டையும் கலந்து 139 தலைப்புகளுள்ள ஒன்றை ஏற்றது. கலப்படம் எவருக்கும் இனிக்கவில்லை. எல்லா நாடுகளும் அதைப் பின்பற்றவும் இல்லை. இடத்தைக் கொண்டு வகுக்கும் ஃபாரின் முறையே நாளடைவில் நிலைத்தது. அதனால்தான் இன்று குடலிறக்கத்தைக் குடல் நோய்களோடு சேர்த்துக் காண்கிறோம். 1860இல் இலண்டனில் பேரவை கூடியபோது, செவிலியர் தலைவி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் யாவும் ஒரே வகைப் படிவத்தில் கணக்கெழுத வேண்டும் என்ற திட்டத்தை அனுப்பினார். இறந்தவரை மட்டுமன்றிப் பிழைத்தவரையும் எண்ண வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அவ்வெண்ணம் நிறைவேற மேலும் 88 ஆண்டுகள் ஆயின.

கில்லார்டின் பேரர் ஜாக் பெர்ட்டியோன். பாரிஸ் மாநகரின் புள்ளியியல் துறைத் தலைவர். இவர் அமைத்த பட்டியல் 1893இல் சிகாகோவில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகத்தால் ஏற்கப்பட்டது. பாட்டன் விதைத்ததைப் பேரன் அறுத்தார் என்று சொல்லலாம். 1900ஆம் ஆண்டு 26 நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடி அதனைத் திருத்தினர். பத்தாண்டுக்கொருமுறை திருத்துவது என்றும் முடிவு செய்தனர். 1909இல் செய்த இரண்டாம் திருத்தத்தில் 109ஆம் எண்ணைப் பார்த்தால் நம் நோய் இருக்கின்றது. ‘குடலிறக்கம், குடலடைப்பு’ என இரண்டும் ஒரே வரியில்! குடல் முறுக்கிக்கொண்டு அடைத்தவரும், இறக்கத்தில் சிக்கி அடைத்தவரும் ஒரே எண்ணில் அடங்கினர். முன்னதை வருமுன் காண்பது அரிது; பின்னதோ ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தே இருப்பது; காலத்தில் தைத்துவிட்டால் தீர்வது. காக்கக்கூடிய சாவையும் காத்தற்கரிய சாவையும் ஒரு வரியில் கூட்டிவிட்டால், காக்கக்கூடியவை எத்தனை என்பது தெரியாமலே போகும்.

இவ்விடத்தில், ‘காலத்தில் தைத்துவிட்டால்’ என்று நான் சொன்னது எப்போது இயலும் காரியமாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியின் பாதுவா நகரத்து எடுவார்தோ பசீனி 1880களில் கவட்டுக் குடலிறக்கத்துக்குப் புதிய அறுவை முறை கண்டார். பிதுங்கியதை உள்ளே தள்ளி மேல்தோலைத் தைப்பதோடு நில்லாமல், சுவரையே படிப்படியாகத் திருத்திக் கட்டினார். அவருக்கு முன் அறுவை செய்தாலும் இறக்கம் திரும்ப வருவது வழக்கமாயிருந்தது. பசீனி தாம் செய்த 262 அறுவைகளையும் குறித்து வைத்து, நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்து, திரும்ப வந்தவை எத்தனை என்று அறிவித்தார். அவை மிகச் சில. கத்தியின் திறம் ஒரு பங்கென்றால், கணக்கின் நேர்மை மற்றொரு பங்கு. அமெரிக்காவில் இன்று வழங்கும் விரிவான பட்டியலில், குடலிறக்கம் புதிதா, முன் தைத்த இடத்தில் திரும்ப வந்ததா என்று கேட்டு, கவட்டு வகைக்கு ஐந்தாவது இலக்கம் ஒன்று சேர்த்திருக்கின்றனர். அக்கேள்வியைக் காணும்போதெல்லாம் எனக்குப் பசீனியின் நினைவு வருகின்றது.

1948இல் உலக சுகாதார நிறுவனம் தோன்றிப் பட்டியலைத் தன் பொறுப்பில் ஏற்றது. அவ்வாண்டின் ஆறாம் திருத்தத்தில்தான் இறப்போடு நோயும் எண்ணப்பட்டது. அதில் குடலிறக்கத்துக்கு இரண்டு எண்கள்: 560, 561. அடைப்போடு கூடியது 561. குடலிறக்கமின்றி வந்த அடைப்புக்கு வேறாக 570. கலந்து கிடந்தவை பிரிந்தன. இனி 560 என்பதன் தலைப்பைக் கவனியுங்கள். ‘அடைப்பு இல்லாத குடலிறக்கம்’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘அடைப்புப் பற்றிய குறிப்பு இல்லாத குடலிறக்கம்’ என்று எழுதினார்கள். எவ்வளவு எச்சரிக்கையான வாசகம்! தாளில் அச்சொல் இல்லை. உடம்பில் அந்நிலை இருந்ததோ இல்லையோ நாங்கள் அறியோம் என்று கையெழுத்துப் போடுவது போன்றது அது. 1976இல் ஏற்கப்பட்ட ஒன்பதாம் திருத்தமும் அந்த எச்சரிக்கையைக் கைவிடவில்லை. அங்கே 550 முதல் 553 வரை எண்கள் விரிந்தன; கவட்டு வகை தனியாயிற்று; அழுகலும் தனியே கேட்கப்பட்டது.

1990 மே மாதத்தில் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் எண்களுக்கு முன் எழுத்து வந்தது. செரிமான உறுப்புகளின் நோய்களுக்கு ‘கே’. கவட்டுக் குடலிறக்கம் 40, தொடை 41, தொப்புள் 42, வயிற்று முன்சுவர் 43, உதரவிதானம் 44, பிற இடங்கள் 45, இடம் சொல்லப்படாதது 46. புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் நிலையைச் சொல்லும். தொப்புளுக்காயின், 42.0 அடைப்பு, 42.1 அழுகல், 42.9 இரண்டும் இல்லாதது. அடைப்பும் அழுகலும் ஒருங்கே இருந்தால் அழுகலிலேயே சேர்க்க வேண்டும் என்பது விதி. ‘சிக்கியது’, ‘உள்ளே போகாதது’, ‘நெரிபட்டது’ என்று மருத்துவர் எழுதினாலும் அடைப்பில் சேரும். கவட்டு வகையில் ஒரு பக்கமா, இரு பக்கமா என்ற கேள்வியும் உண்டு.

இத்துணைச் செப்பமான பட்டியலில் ஒரு மாற்றம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘குறிப்பு இல்லாத’ என்ற பழைய வாசகத்தை எடுத்துவிட்டனர். 40.9 என்பதன் தலைப்பு இன்று, ‘ஒரு பக்க, அல்லது பக்கம் குறிக்கப்படாத கவட்டுக் குடலிறக்கம், அடைப்போ அழுகலோ இன்றி’ என்பது. மருத்துவர் நள்ளிரவில் அறுவை முடித்துக் களைத்துப்போய், ‘குடலிறக்கம், கவட்டில்’ என்று மட்டும் எழுதிவிட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். குடல் நெரிபட்டிருந்ததை அவர் கண்ணால் கண்டார், கையால் விடுவித்தார், தாளில் எழுதவில்லை. எண் போடுபவர் அத்தாளை எடுக்கிறார். அவருக்குக் கிடைக்கும் எண் 40.9. அதாவது, அடைப்பு இல்லை; அழுகல் இல்லை; இரு பக்கமும் அன்று. மருத்துவரின் மௌனம் மூன்று மறுப்புகளாக மாறிப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. அந்த மாவட்டத்தில் எத்தனை குடலிறக்கங்கள் நெரிபடும் நிலையில் வந்தன, எத்தனை பேர் காலந்தாழ்த்தி வந்தனர், எங்கே அறுவை மருத்துவர் தேவை என்று பின்னர் ஒருவர் அக்கணக்கைப் புரட்டினால், அந்நோயாளி அங்கே இருக்கமாட்டார்.

எண் போடுபவர் தாமாகவே அடைப்பை ஊகித்து எழுதலாகாதா என்று கேட்பீர்கள். கூடாது. வாந்தி, வயிறு உப்பல், அவசர அறுவை என்று தாளில் எத்தனை அடையாளங்கள் இருந்தாலும், நோயைச் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உரியது. ஐயம் வந்தால் மருத்துவரிடம் எழுதிக் கேட்டு விடை பெற வேண்டும். இது வீண் சடங்கு அன்று. 1983 முதல் அமெரிக்காவில் முதியோர்க்கான அரசுக் காப்பீடு, நோயின் வகையைக் கொண்டே மருத்துவமனைக்கு இவ்வளவு தொகை என்று வகுத்தது. எண் அன்று முதல் பணமாயிற்று. சிக்கல் மிகுந்த நோய்க்குத் தொகையும் மிகும். எழுதாமல் விடும் குற்றத்தோடு, இல்லாததை எழுதும் ஆசையும் சேர்ந்துகொண்டது. கிராண்ட் சொன்ன மதுக்கோப்பையும் சில்லறைக் காசும் வேறு உருவெடுத்து வந்தன என்று எனக்குத் தோன்றும்.

பதினொன்றாம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறும். நம் நாட்டில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பின் காரணத்தை மருத்துவர் சான்றளிக்க வழி செய்தது. மருத்துவமனையில் இறந்தவர்க்குப் படிவம் 4; வெளியே இறந்தவர்க்குப் படிவம் 4அ. கல்லூரி மாணவர்கள், குறிப்பாக மருத்துவம் பயில்வோர், அப்படிவத்தை ஒருமுறையேனும் உற்று நோக்க வேண்டும். அதில் காரணம் ஒரே வரியில் கேட்கப்படுவதில்லை. முதல் வரி, உயிர் பிரிவதற்கு நேர்க் காரணம். அடுத்த வரி, அதனை விளைவித்தது. அதற்கடுத்த வரி, யாவற்றுக்கும் மூலமானது. எண்ணிக்கையில் ஏறுவது பெரும்பாலும் அந்த மூலமே. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்நிலை தோன்றியதிலிருந்து இறப்பு வரை எவ்வளவு காலம் என்று கேட்கும் ஒரு சிறிய கட்டமும் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகின்றனர்.

வகுப்பில் பயிற்சி கொடுப்பது போல, அரசி கரோலினுக்கு அப்படிவத்தை நிரப்பிப் பார்ப்போம். ஹார்வி பிரபுவின் குறிப்புகளில் உள்ளது மட்டுமே நமக்குச் சான்று. அழுகல் இருந்ததா என்று ரான்பியைக் கேட்க இனி வழியில்லை. ஆதலால் அதை நாம் எழுதலாகாது. முதல் வரி: குடல் வெடிப்பு. காலம் 3 நாள்கள். இரண்டாம் வரி: குடலடைப்பு. காலம் 11 நாள்கள். மூன்றாம் வரி: தொப்புள் குடலிறக்கம். காலம் 13 ஆண்டுகள்.